தை மாதத்து மாம்பழம்

தை மாதத்தில் தாம்பரம் சந்தை முழுக்கச் சுற்றினாலும் நல்ல மாம்பழம் கண்ணில் படுவது அரிது. ஆனால் ரயில் நிலையத்தை ஒட்டிய பெட்டிக்கடையில் மாம்பழ பானம் எப்போதும் இருக்கும். பக்கத்து ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தால் ஸ்ட்ராபெரி இருக்கும். மா பறித்து ஆறேழு மாதம் ஆகிவிட்டது. ஸ்ட்ராபெரியோ சென்னை வெயிலில் விளைகிற பயிரே அல்ல. பிறகு இந்தப் பழங்கள் எங்கிருந்து வருகின்றன?

டிரம்களிலிருந்து. குளிர்பானம், ஐஸ்கிரீம், தயிர், ஜாம் செய்யும் பெரிய ஆலைகள் பெரும்பாலும் பழத்தைக் கூழாகவே வாங்குகின்றன. மாங்கூழுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. இந்தியாவின் மாங்கூழ்த் தொழிலுக்கு இரண்டு பெரிய மையங்கள்: ஒன்று கிருஷ்ணகிரி, இன்னொன்று ஆந்திரத்தின் சித்தூர். சென்னையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்னும் கிளிமூக்கு மாங்காயை அங்கே பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் சொல்வார்கள். வைகாசியிலும் ஆனியிலும் அது லாரி லாரியாக ஆலைகளுக்குள் போகிறது. கூழாகி, சென்னைத் துறைமுகம் வழியாக வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. எதிர்த் திசையில், நம் மண்ணில் போதிய அளவு விளையாத ஸ்ட்ராபெரி, ராஸ்ப்பெரி, புளூபெரி போன்றவற்றின் கூழ் வெளிநாட்டிலிருந்து இறங்குகிறது. சில உறைந்த நிலையில் வரும். சில குளிர்பதனமே இல்லாமல், இரும்பு டிரம்முக்குள் ஒரு பையில் வரும். டிரம் ஒன்றில் 200 கிலோவுக்குச் சற்று மேல். இருபதடிக் கன்டெய்னரில் சுமார் 80 டிரம்.

அந்த டிரம்மில் ஐஸ் இல்லை. பதப்படுத்தும் ரசாயனமும் தேவையில்லை. ஆனாலும் ஓர் ஆண்டுக்கு மேல் கூழ் கெடுவதில்லை. எப்படி?

முதல் காவல் பழத்தின் புளிப்பு. புளிப்பை பி.எச். என்ற அளவால் குறிப்பார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். உணவை நஞ்சாக்கும் மிகக் கொடிய கிருமிகளில் ஒன்றான கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினத்தின் விதைத்துகள் கொதிநீரிலும் சாகாது. ஆனால் பி.எச். 4.6-க்குக் கீழே போனால் அதனால் முளைக்க முடியாது. மா, ஸ்ட்ராபெரி, கொய்யா ஆகியவற்றின் கூழ் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கும். வாழையும் பப்பாளியும் அவ்வளவு புளிப்பில்லாதவை என்பதால் அவற்றின் கூழில் சிட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். பல பழங்களில் இயல்பாகவே இருக்கும் அமிலம்தான் அது.

இரண்டாவது காவல் சூடு. இங்கேதான் நம் உள்ளுணர்வுக்கு நேர்மாறான ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. சூடு கூடினால் பழத்தின் மணம் அதிகம் போய்விடும் என்றுதான் நினைப்போம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் கிருமிகள் சாகும் வேகம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. நிறமும் வைட்டமினும் சிதையும் வேகமோ இரண்டு, மூன்று மடங்குதான் ஆகிறது. 20 டிகிரி உயர்த்தினால் கிருமிகளுக்கு நூறு மடங்கு. பழத்துக்கு நான்கு முதல் ஒன்பது மடங்கு. கிருமி நூறு மடங்கு வேகமாகச் சாவதால், சூட்டில் வைக்கும் நேரத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடலாம். மொத்தமாகப் பார்த்தால் பழத்துக்கு வரும் சேதம் முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதனால்தான் ஆலைகள் கூழை மணிக்கணக்கில் காய்ச்சுவதில்லை. மெல்லிய குழாய்களில் ஓடவிட்டு, 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு நிமிடமோ அதற்கும் குறைவாகவோ நிறுத்தி, உடனே குளிர வைக்கின்றன.

மூன்றாவது காவல்தான் இவற்றில் கடினமானது. கிருமி நீங்கிய கூழைக் கிருமி நீங்கிய பைக்குள், வெளிக்காற்று படாமல் இறக்க வேண்டும். ஊறுகாய் ஜாடியில் ஒரே ஒரு ஈரக் கரண்டி என்ன செய்யும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இங்கே 200 கிலோவுக்கும் அதே கதிதான். பையைக் காமா கதிரால் முன்பே சுத்தப்படுத்தி மூடியோடு அனுப்புகிறார்கள். நிரப்பும் இயந்திரம் நீராவி சூழ்ந்த சிறு அறைக்குள் அந்த மூடியைத் திறந்து, கூழை நிரப்பி, அங்கேயே மூடிவிடுகிறது. பையின் பல அடுக்குகள் ஆக்சிஜனை உள்ளே விடுவதில்லை. ஆக்சிஜன் புகுந்தால் கூழ் பழுப்பேறும்.

இதைப் பேரளவில் சாத்தியமாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் நெல்சன். தக்காளியைப் பதப்படுத்தி டின்னில் அடைக்கும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். அறுவடைக் காலத்தில் குவியும் விளைச்சல் வீணாகாமல் காக்க வழி தேடினார். கிருமி படாமல் அடைக்க அவர் வளர்த்தெடுத்த 'அசெப்டிக்' முறைக்காக 2007-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

வெளிநாட்டுக் கூழ் துறைமுகத்தில் இறங்கியதும் நேராக ஆலைக்குப் போய்விட முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் அதிகாரிகள் ஆவணங்களையும் லேபிளையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 2017-ஆம் ஆண்டின் இறக்குமதி விதிகளின்படி, மொத்த ஆயுளில் 60 சதவீதம் அல்லது மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அவ்வளவாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆலையில் டிரம்மைத் திறந்த பிறகு இந்த ஆயுள் கணக்கு செல்லாது. பாதுகாப்பு உடைந்துவிட்டதால் கூழைச் சீக்கிரம் பயன்படுத்தித் தீர்த்தாக வேண்டும்.

ஆகவே, 'மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, என்ன மருந்து கலந்திருப்பார்களோ' என்று கூழைப் பார்த்து அஞ்ச வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி, நாம் குடிக்கும் பானத்தில் அந்தக் கூழ் எவ்வளவு இருக்கிறது என்பதே. நம் நாட்டு விதிப்படி, பழ பானம் என்ற பெயரில் விற்க 10 சதவீதம் பழம் இருந்தாலே போதும். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். இது விவசாயிகளையும் தொடும் கேள்வி. 2025 பருவத்தில் சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் தோத்தாபுரி விலை சரிந்து விவசாயிகள் தவித்தார்கள். பானத்தில் பழம் கூடினால் மாங்கூழுக்குத் தேவை கூடும். குடிப்பவருக்கும் சர்க்கரைத் தண்ணீருக்குப் பதில் பழம் கிடைக்கும். அடுத்த முறை பானம் வாங்கும்போது, விலையைப் பார்ப்பதோடு லேபிளில் பழத்தின் சதவீதத்தையும் படித்துவிட்டு, பழம் அதிகமுள்ளதை எடுங்கள்.