குருத்தணு சிகிச்சை: நம்பிக்கையும் எச்சரிக்கையும்

சுமை ஏற்றும்போது தவறி விழுந்து தண்டுவடம் அடிபட்டவர், சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்தவர், ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் எனப் பலரும் மருத்துவரிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு: “ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்கிறார்களே, போட்டுக்கொள்ளலாமா?” நகையை அடகு வைத்தாவது இச்சிகிச்சையைச் செய்துவிட எண்ணும் குடும்பத்தினர், அதற்கு முன் இக்கட்டுரையை ஒருமுறை படிக்க வேண்டுகிறோம்.

குருத்தணு என்பது யாது?

நம் உடல் கருவுற்ற ஒரே ஓர் உயிரணுவிலிருந்து உருவானது. எந்த உறுப்பாகவும் வளரும் ஆற்றல் தொடக்கநிலைக் கருவின் குருத்தணுக்களுக்கு உண்டு. கரு வளர வளர, அவை தோலாகவும் நரம்பாகவும் இதயத் தசையாகவும் மாறிவிடுகின்றன. ஆயினும் இவை அனைத்திலும் உள்ள மரபணுத் தொகுதி ஒன்றே. பல அறைகள் கொண்ட வீட்டில் வேண்டிய அறைகளை மட்டும் திறந்து, மற்றவற்றைப் பூட்டி வைப்பது போல, ஒவ்வோர் உயிரணுவும் தன் பணிக்குரிய மரபணுக்களையே இயக்குகிறது.

பூட்டிய அறைகளைத் திறந்தவர்

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக அறிஞர் ஷின்யா யாமனாகா, 2006இல் சுண்டெலியின் உயிரணுக்களிலும், 2007இல் மனிதத் தோலணுக்களிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைக் கருநிலைக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பினார். இதற்காக 2012ஆம் ஆண்டின் நோபல் பரிசு, இத்துறையின் முன்னோடியான ஜான் கர்டனுக்கும் அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தே அவருக்கு வேண்டிய திசுவை வளர்க்கலாம் என்பதே இதன் பெரும் நம்பிக்கை.

அந்நம்பிக்கை 2014இல் ஜப்பானின் கோபே நகரில் சோதிக்கப்பட்டது. விழித்திரை சிதைந்த மூதாட்டி ஒருவரின் தோலணுக்களிலிருந்து வளர்த்த மெல்லிய திசு, அவர் கண்ணில் பொருத்தப்பட்டது. ஓராண்டுக்குப் பின்னும் திசு நிலைத்திருந்தது, கட்டி தோன்றவில்லை. ஆனால் பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாம் நோயாளிக்காக வளர்த்த உயிரணுக்களில் மரபணு மாற்றங்கள் காணப்பட்டதால், அவருக்கு அவை பொருத்தப்படவில்லை. முழுமையாக மாறாத உயிரணுக்கள் கட்டியாக வளரக்கூடும் என்பதாலேயே இத்தகைய எச்சரிக்கை தேவைப்படுகிறது.

நம் நாட்டில் நிலை என்ன?

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குருத்தணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய உயிரணுக்களைக் கொண்டு ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. ஆய்வு வேறு, சிகிச்சை வேறு என்பதை நாம் மறத்தல் கூடாது.

தாலசீமியா, இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. வேலூரில் 1986 முதலே இது செய்யப்படுகிறது. மஜ்ஜையில் இயல்பாக உள்ள, இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களே இதில் செலுத்தப்படுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், இத்தகைய இரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சையை மட்டுமே வழக்கமான சிகிச்சையாக ஏற்கின்றன. பிற நோய்களுக்கான குருத்தணுப் பயன்பாடு, அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடைபெற வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

• இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வெனில், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் யாது? (பதிவு எண் இருப்பது மட்டுமே பலனுக்குச் சான்றாகாது.)
• நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தந்து விளக்குவார்களா?
• கட்டணம் கேட்கிறார்களா? ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்கெனப் பணம் வாங்கலாகாது என்பதே நெறி.
• பக்க விளைவு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்?

விடை தெளிவாக இல்லையெனில் கையொப்பம் இட வேண்டாம். எவர் சொன்னாலும் டயாலிசிஸ், இன்சுலின், இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றை உங்கள் மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். உங்களுக்குத் தரப்பட்ட விளம்பரத் தாளை அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டு வாருங்கள். மருத்துவருடன் அமர்ந்து படித்த பின் முடிவு செய்யலாம்.