டி.ஏ.சி எண் வந்தால் மட்டும் பாதுகாப்பா? கணக்குக்கு இரண்டாவது பூட்டு போடுவது எப்படி?

வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் தேடி முகநூல் விளம்பரத்தைத் தட்டினால், வங்கிக் கணக்கே சுத்தமாகிவிடலாம். மலேசியாவில் இது நடந்திருக்கிறது.

2022 ஏப்ரலில் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், நம் நாட்டின் எட்டு வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலிச் செயலிகளை அம்பலப்படுத்தியது. உண்மையான துப்புரவுச் சேவைகளின் பெயரையும் தோற்றத்தையும் காப்பியடித்த அகப்பக்கங்கள், முன்பதிவுக்கு ஒரு செயலியை இறக்கச் சொல்லும். பணம் கட்டும் பக்கத்தில் வங்கியைத் தேர்வு செய்து கடவுச்சொல்லைக் கொடுத்தால், 'தவறு' என்று வரும். அதற்குள் கடவுச்சொல் மோசடிக்காரர் கையில். சரி, டி.ஏ.சி எண் வேண்டுமே? கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையும் அதே செயலி அவர்களுக்கு அனுப்பிவிடும். "நான் யார்கிட்டயும் டி.ஏ.சி சொல்லவே இல்லையே, காசு எப்படி போச்சு?" என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு நமக்குப் புதிதல்ல. ஏ.டி.எம்.மில் அட்டையும் வேண்டும், பின் எண்ணும் வேண்டும். ஒன்றை மட்டும் திருடிப் பயனில்லை. இணையக் கணக்கிலும் அதே கதைதான்: உங்களுக்குத் தெரிந்த கடவுச்சொல், உங்களிடம் இருக்கும் கைப்பேசி. ஆனால், இரண்டாவது பூட்டு எல்லாம் ஒரே பலம் அல்ல. குறுஞ்செய்தி எண்தான் அவற்றில் பலவீனமானது.

அதனால்தான் 2022 செப்டம்பர் 26-ஆம் தேதி, குறுஞ்செய்தி எண்ணைப் படிப்படியாகக் கைவிடும்படி வங்கிகளுக்குப் பேங்க் நெகாரா உத்தரவிட்டதை அதன் அப்போதைய ஆளுநர் நோர் ஷாம்சியா அறிவித்தார். ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசியில் மட்டுமே ஒப்புதல், புதிதாகப் பதிந்தால் காத்திருப்பு நேரம் என்பவையும் அதில் அடக்கம். இப்போது வங்கிச் செயலியே தொகையையும் பெறுபவர் பெயரையும் காட்டி ஒப்புதல் கேட்கிறது. அதைப் படிக்காமல் 'அப்ரூவ்' தட்டினால் எந்தப் பூட்டும் உதவாது.

வாட்ஸ்அப்பில் வேறு தந்திரம். "அண்ணே, தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு கோட் போயிடுச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்" என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். அந்த ஆறு இலக்க எண் உங்கள் கணக்கின் சாவி. அனுப்பினால், அடுத்து உங்கள் பெயரில் கோயில் குழுவிலும் குடும்பக் குழுவிலும் கடன் கேட்பார்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் இன்றே ஒரு பின் எண் அமையுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் அல்லது கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கைப்பேசி வாங்கும்போது, கடைக்காரரையே பின் எண்ணையும் போடச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

எதில் தொடங்குவது? மின்னஞ்சலில். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்குதான் வரும். அதற்குக் குறுஞ்செய்தியைவிட கூகல் ஆத்தென்டிகேட்டர் போன்ற செயலி நல்லது. எண் உங்கள் கைப்பேசிக்குள்ளேயே உருவாகும். அப்போது தரப்படும் மாற்று எண்களைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும். பழைய பிரீபெய்ட் எண்ணைக் கைவிடும் முன், எந்தெந்தக் கணக்கில் அது பதிவாகியுள்ளது என்று பார்த்து மாற்றுங்கள். அந்த எண் பின்னர் வேறொருவருக்குப் போகலாம்.

வாட்ஸ்அப் பறிபோனால், உங்கள் எண்ணை மீண்டும் பதிந்து புதிய எண்ணைப் போடுங்கள், மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் பின் எண் வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரலாம், ஆனால் அவராலும் அதைப் பயன்படுத்த முடியாது. வங்கிப் பணம் போயிருந்தால் குடும்பத்தாரிடம் சொல்லத் தயங்கி நேரத்தைக் கடத்த வேண்டாம். உடனே வங்கியை அல்லது தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தை 997 எண்ணில் அழையுங்கள்.