ரத்தத்தில் கிருமி: ஊகம் உயிரைப் பறிக்கும்

ரத்தத்தில் கிருமி பரவிவிட்டால் ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் போட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் இரண்டு மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படும் என்று இருந்தாலும், நோயாளியின் உடலில் இரண்டும் ஒரே பலனைத் தந்துவிடாது.

2018இல் வெளியான ‘மெரினோ’ ஆய்வு இதைக் காட்டியது. 9 நாடுகளின் 26 மருத்துவமனைகளில், செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா கிருமி ரத்தத்தில் இருந்தவர்களுக்கு மெரோபெனம், பைபராசிலின்-டாசோபாக்டம் இரண்டில் ஒன்று தரப்பட்டது. 30 நாட்களுக்குள், மெரோபெனம் பெற்ற 191 பேரில் 7 பேர் இறந்தனர். மற்ற மருந்து பெற்ற 187 பேரில் 23 பேர் இறந்தனர். ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பிற்பாடு கிருமிகளை மறுசோதனை செய்ததில், சில கிருமிகள் பைபராசிலின்-டாசோபாக்டமுக்கு உண்மையில் கட்டுப்படாதவை என்று தெரிந்தது. அவற்றை விலக்கிக் கணக்கிட்டபோது மரண வித்தியாசம் குறைந்தது. ஆய்வக முடிவும் தவறலாம் என்பது இதில் அடங்கிய இன்னொரு பாடம்.

அதற்காக எல்லோருக்கும் மெரோபெனம் போடவும் முடியாது. அதையும் சிதைக்கும் என்டிஎம்-1 நொதி கொண்ட கிருமிகள் சென்னையில் இருப்பதை 2010இலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். தேவையில்லாத இடத்தில் கொடுக்கும் ஒவ்வொரு டோஸும் அத்தகைய கிருமிகள் பெருக வழிசெய்கிறது.

மருந்தைக் கூட்டினாலும் நன்மை கூடுவதில்லை. பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வகையான எம்ஆர்எஸ்ஏ கிருமிக்கு வழக்கமான மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார்த்த ‘கேமரா2’ ஆய்வில் (2020) மரணம் குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்போ 6 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக உயர்ந்தது. நாட்களைக் கூட்டுவதும் அப்படித்தான். 3,608 பேரிடம் நடந்த ‘பேலன்ஸ்’ ஆய்வில் (2024) 90 நாட்களுக்குள் இறந்தவர்கள், 7 நாள் சிகிச்சையில் 14.5 சதவீதம், 14 நாள் சிகிச்சையில் 16.1 சதவீதம். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆகவே எந்தக் கிருமி என்று தெரியாமல் சரியான மருந்தும் இல்லை, சரியான நாளும் இல்லை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சிரைப்பு, மனக்குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவை தெரிந்தால் மருந்துக்கடையில் மாத்திரை கேட்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முன்பே ஏதேனும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். அது கல்ச்சரில் கிருமி வளராமல் தடுத்துவிடக்கூடும். முதல் ஊசிக்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். அறிக்கை வந்ததும் மருத்துவர் மருந்தை மாற்றினால், குறைத்தால், மறுக்காதீர்கள். அந்தச் சோதனை செய்ததே அதற்காகத்தான்.