ஹெடர் மாட்டுவது: ஒரு 1966 மஸ்டாங்கும் அதன் இடது பக்கமும்

பக்கத்து வீட்டுக்காரரிடம் 1966 ஃபோர்டு மஸ்டாங் ஒன்று இருக்கிறது. 289 கன அங்குல வி8 இன்ஜின், நம்ம கணக்கில் சுமார் 4.7 லிட்டர். நாலு பேரல் கார்புரேட்டர், நாலு கியர் மேனுவல், பவர் ஸ்டியரிங். (மஸ்டாங்கை மசில் கார்னு சொல்லக்கூடாது, போனி கார்னுதான் சொல்லணும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) போன வசந்தகாலத்தில் ஒரு பட்டறையில் விட்டு, பழைய வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளைக் கழற்றி, நீளமான ஹெடர் குழாய்களை மாட்டிக்கொண்டு வந்தார். சத்தம் அபாரம். ஒரு மாதத்துக்குள் நான்கு புகார்கள். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லை. கிளட்ச் சில நேரம் முழுதாகத் திரும்பவில்லை. கீழ் வேகத்தில் இழுவை முன்னைவிடக் குறைவு. நான்காவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை: ஞாயிற்றுக்கிழமை பேத்தியை ஏற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்வந்தால், குழந்தை தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள்.

நான்காவதைக் கேட்டதும், மற்ற மூன்றையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் காரை நிறுத்துங்கள் என்று சொன்னேன். அந்த இரண்டு வார இறுதிகளில் எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை.

ஹெடர் என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். பழைய மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே குட்டையான வார்ப்பிரும்பு அறைக்குள் கொட்டும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். கொஞ்ச தூரம் தனியாகப் போய், கலெக்டர் என்ற இடத்தில் ஒன்று சேரும். வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் அகலமாகிற இடத்தில் அது எதிர்மறை அலையாக, அதாவது உறிஞ்சும் அலையாக, திரும்பி வருகிறது. அது வால்வை வந்தடையும் நேரம் சரியாக அமைந்தால் மிச்சப் புகையை வெளியே இழுக்கும், புதுக் கலவை உள்ளே வரவும் உதவும்.

நேரம் சரியாக அமைவதுதான் கஷ்டம். 34 அங்குலக் குழாய் என்றால் போக, வர கிட்டத்தட்ட 1.7 மீட்டர். சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு 550, 600 மீட்டர் வாக்கில். ஆக மொத்தம் 3 மில்லிநொடி. இந்த 3 மில்லிநொடிக்குள் கிராங்க், நிமிடத்துக்கு 5000 சுற்றில் 90 டிகிரி சுற்றிவிடும். 2500 சுற்றில் 45 டிகிரிதான். குழாயின் நீளம் மாறாது, ஆனால் அலை வந்துசேரும் இடம் வேகத்துக்கு வேகம் மாறும். எந்த ஹெடருக்கும் தனக்குப் பிடித்த ஒரு வேக வரம்பு உண்டு. அதற்கு வெளியே அது வெறும் குழாய்.

விட்டமும் அப்படித்தான். பட்டறையில் மாட்டியிருந்தது 1¾ அங்குலக் குழாய். 1½ அங்குலத்தோடு ஒப்பிட்டால், சுவர்த் தடிமனைக் கழித்த பிறகு, உள்பரப்பு ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். அதே அளவு புகை, 40 சதவீதம் அகலமான பாதை: ஓட்டத்தின் வேகம் விழுந்துவிடும். பந்தயத்துக்குத் தயாரித்து 7000 சுற்று போகிற இன்ஜினுக்கு அது சரி. தெருவில் ஓடுகிற சாதாரண 289க்கு 1½, மிஞ்சிப்போனால் 1⅝ போதும். கீழ் வேகத்தில் இழுவை குறைந்த புகாருக்குப் பாதி விடை இது. மீதிப் பாதி வேறு இடத்தில் இருந்தது, அதற்கு வருகிறேன்.

ஹெடர் விற்பவர்கள் குதிரைசக்திக் கணக்கு சொல்லும்போது எனக்கு எப்போதும் 1965 ஷெல்பி ஜிடி350தான் ஞாபகம் வரும். ஃபோர்டின் அதிக சக்தி கொண்ட 289க்கு 271 குதிரைசக்தி என்று விளம்பரம். ஷெல்பி அதே இன்ஜினை எடுத்து 306 ஆக்கினார். வித்தியாசம் 35. ஆனால் அந்த 35 ஹெடர் மட்டும் கொடுத்ததல்ல. உயரமான அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டும், பெரிய ஹோலி கார்புரேட்டரும் சேர்ந்து கொடுத்தது. நம்ம பக்கத்து வீட்டுக் கார் 225 குதிரைசக்தி ரகம். அதில் குழாயை மட்டும் மாற்றிவிட்டு 35 எதிர்பார்ப்பது பேராசை.

ஷெல்பி போட்ட ஹெடரின் வடிவம் சுவாரசியமானது. நான்கும் ஒரே இடத்தில் சேராமல், இரண்டிரண்டாகச் சேர்ந்து, அந்த இரண்டும் பிறகு ஒன்றாகும். டிரை-ஒய் என்று பெயர். எந்த இரண்டைச் சேர்ப்பது என்பதில்தான் விஷயம். 289இன் பற்றவைப்பு வரிசை 1-5-4-2-6-3-7-8. ஃபோர்டில் வலது பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4; இடது பக்கம் 5, 6, 7, 8. வரிசையில் ஒவ்வொன்றுக்கும் இடையே 90 டிகிரி. கடைசியைப் பாருங்க: 7, உடனே 8. இரண்டும் இடது பக்கம், இரண்டும் பின்னால் பக்கத்துப் பக்கத்தில். 7 தன் புகையை முழுசா வெளியே தள்ளி முடிப்பதற்குள் 8 அதே பாதையில் அழுத்தத்தோடு வந்து இறங்குகிறது. வலது பக்கத்தில் இதே தொல்லை 4க்கும் 2க்கும். ஆகவே இவற்றைப் பிரித்து வைக்கணும். பேப்பரில் போட்டுப் பார்த்தால், வலது பக்கம் 1-2, 3-4 என்றும் இடது பக்கம் 5-7, 6-8 என்றும் ஜோடி சேர்த்தால், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் குறைந்தது 270 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். கண்ணாடி பிம்பம் போலச் செய்தால் ஒரு பக்கம் தப்பாகிவிடும்.

இதெல்லாம் காகிதத்தில். காருக்கு அடியில் படுத்தால் வேறு உலகம்.

இந்தக் காலத்து மஸ்டாங்கில் இன்ஜினின் இரண்டு பக்கமும் ஷாக் டவர்கள் நெருக்கி நிற்கின்றன. இடது பக்கம்தான் மிக மோசம், ஏனென்றால் அமெரிக்கக் காரில் ஓட்டுநர் பக்கம் அது. ஸ்டியரிங் பாக்ஸ் அங்கே. கிளட்ச் பெடலின் அசைவைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் இசட்-பார் அங்கே, இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் குறுக்காக. பவர் ஸ்டியரிங் இருந்தால் அதன் ராம் சிலிண்டர் கீழே. பல ஹெடர்களுக்கு இந்த ராமின் பிராக்கெட்டைச் சற்றுக் கீழே இறக்கிவைக்க ஒரு தனித் துண்டு தேவைப்படும். பெட்டியோடு வராது, தனியாக வாங்கணும். பட்டறையில் அதை வாங்கவில்லை. குழாயைச் சுத்தியலால் தட்டி நெளித்து இடம் பண்ணியிருந்தார்கள்.

தட்டியதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. உருண்டையான கருவியை வைத்து, ஆழமில்லாத பள்ளமாகத் தட்டினால் ஓட்டத்துக்குப் பெரிய நஷ்டம் வராது. இடைவெளியைப் பார்த்த முறைதான் தப்பு. கார் சும்மா நிற்கும்போது இசட்-பாருக்கும் 8ஆம் குழாய்க்கும் நடுவில் கால் அங்குலம் இருந்தது. போதும்னு விட்டிருக்கிறார்கள். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் தன் மவுன்ட்டுகளின் மேல் சாயும். முறுக்கு விசையின் எதிர்வினையால் இடது பக்கம் மேலே எழும். ஐம்பது வருஷத்துக்கு மேலான ரப்பர் மவுன்ட் என்றால் கேட்கவே வேண்டாம். கால் அங்குலம் காணாமல் போய், குழாய் இசட்-பாரில் உரசி நின்றிருக்கிறது. பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தது. கிளட்ச் புகார் முடிந்தது. அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கணும் என்பது என் கணக்கு. ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்ப்பதை, சக்கரங்கள் தரையில் இருக்கும்போது செய்யணும். ஜாக் ஸ்டாண்டில் தொங்கும்போது கிடைக்கும் இடைவெளி பொய்.

வலது பக்கம் ஸ்டார்ட்டர். குழாயிலிருந்து ஒரு விரல் தூரத்தில் வெந்துகொண்டிருந்தது. செம்புச் சுருளின் மின்தடை 100 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும். வண்டியை நிறுத்திய பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட்டர் திணறுவது அதனால்தான். ஃபோர்டில் ஒரு நல்ல விஷயம், ரிலே ஃபென்டர் பக்கம் தனியாக இருப்பதால் ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளில் சாவியைத் திருப்பும்போது மட்டும்தான் மின்சாரம் இருக்கும். கேபிளின் உறை குழாயில் பட்டு உருகியிருந்தும் தீப்பிடிக்காமல் தப்பியது அந்தப் புண்ணியத்தில். வேறு பல கார்களில் பேட்டரிக் கேபிள் நேராக ஸ்டார்ட்டருக்கே வரும், அங்கே இது விளையாட்டல்ல. சின்ன ஸ்டார்ட்டரும் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் போட்டோம். கேபிளைச் சுற்றுவழியில் கொண்டுபோனோம். அவ்வளவுதான்.

இப்போ அந்த நான்காவது புகார்.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை நாம் வெறும் புகைப்பாதை என்று நினைத்துக் கழற்றிப் போடுகிறோம். வலது பக்க மேனிஃபோல்டுக்கு இன்னொரு வேலை இருந்தது. அதற்குள் ஓடும் ஒரு சின்னக் குழாய் வழியாகத்தான் சூடான காற்று கார்புரேட்டரின் ஆட்டோமேடிக் சோக்குக்குப் போகும். அந்தச் சூட்டில்தான் உள்ளே இருக்கும் ஈருலோகச் சுருள் விரிந்து, இன்ஜின் சூடானதும் சோக்கைத் திறந்துவிடும். மேனிஃபோல்டைக் கழற்றியதும் அந்தக் குழாய்க்கு இடமில்லை. பட்டறையில் அதை வளைத்து ஓரமாகக் கட்டிவிட்டார்கள். சோக் முழுதாகத் திறக்கவே இல்லை. ஒரு மாதமாக இன்ஜின் பெட்ரோல் மிகுந்த கலவையில் ஓடியிருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகள் எல்லாம் கரி. இழுவை குறைந்ததன் மீதிப் பாதி இதுதான்.

பெட்ரோல் மிகுந்த கலவை என்றால் கார்பன் மோனாக்சைடு. 1966 காரில் கேடலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது; புகையில் அது சில சதவீதம் வரை போகலாம். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாம் புகை நாற்றம் என்று சொல்வது வேறு வாயுக்களின் நாற்றம். நாற்றம் வந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை என்பதை நம்பி உட்காரக்கூடாது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது சைலன்ஸர் முனையில் ஒரு வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தைச் செருகி ஊதவிட்டோம். சோப்புத் தண்ணீரைப் பூசினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். 7க்கும் 8க்கும் நடுவில் ஒரு போல்ட் கிட்டத்தட்ட கையாலேயே திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. ஹெடரின் மெல்லிய எஃகும் தடித்த தலைப்பகுதி இரும்பும் வெவ்வேறு வேகத்தில் சூடேறி ஆறும், கேஸ்கெட் அமுங்கும், போல்ட் தளரும். மாட்டிய பிறகு சில தடவை ஓட்டி, ஆறவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மறுபடி இறுக்கணும். பட்டறையில் யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்துபோகும் சத்தத்தை அவர் வால்வுச் சத்தம் என்று நினைத்திருந்தார்.

புகை இன்ஜின் அறையில் இருந்தால் உள்ளே எப்படி வந்தது? இந்த மஸ்டாங்குகளில் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்முனையை ஒட்டி, உள்ளே காற்று வரும் கிராதி இருக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் காற்றுவழிகளின் விளிம்பு துருப்பிடிப்பது ஊரறிந்த வியாதி; மழை பெய்தால் கால்மேட்டு நனைவது அதனால்தான். தண்ணீர் வரும் வழியில் புகையும் வரும். 7, 8 இருப்பதும் அதற்கு நேர் கீழே. குழந்தை உட்கார்ந்தது முன் சீட்டில்.

அந்த நீளக் குழாய்களைக் கழற்றி, 1½ அங்குல டிரை-ஒய் ஜோடி வாங்கினார். இடது பக்கத்தை உள்ளே நுழைக்க இன்ஜின் மவுன்ட் போல்ட்டைக் கழற்றி, ஆயில் பானுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கில் இரண்டு அங்குலம் தூக்க வேண்டியிருந்தது. கழற்றும்போது ஒரு பழைய போல்ட் தலை முறிந்தது; நட் ஒன்றை வெல்டிங் செய்து வெளியே எடுப்பதற்கே அரை நாள். ராம் பிராக்கெட், புது மவுன்ட், மின்சார சோக், துருவை அடைக்க ஒரு வார வேலை. குழாய்மேல் துணி சுற்றலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்து அரித்துவிடும். செராமிக் பூச்சு நல்லது. ஹெடருக்குப் பிறகு கார்புரேட்டர் ஜெட்டையும் ஒரு தடவை பார்க்கணும், இந்தத் தடவை பிளக்குகள் நல்ல பழுப்பு நிறம் காட்டியதால் தொடவில்லை.

பழைய மேனிஃபோல்டுகளைப் பட்டறை தூக்கிப் போடாதது அதிர்ஷ்டம். எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி, கராஜ் அலமாரியில் ஏற்றிவிட்டோம். முதல் நூறு மைல் ஓடியதும் போல்ட்டுகளைச் சோதித்தேன். இரண்டு மட்டும் கால் சுற்று இறங்கின, இரண்டும் 7, 8 பக்கத்தில். முன் சீட்டுக்கு அடியில் பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு மீட்டர் ஒன்றை வைத்திருக்கிறார். நான்கு ஞாயிற்றுக்கிழமையாகச் சுழியம் காட்டுகிறது.