அன்பு வழியில் ஆபத்து வந்தால்...



திருகோணமலைத் துறைமுக நகரை அடுத்து அன்புவழிபுரம் என்றோர் ஊர் உண்டு. நம் மண்ணில் பெரும்பாலான ஊர்ப்பெயர்கள் ஒரு குளத்தையோ மரத்தையோ மலையையோ நினைவூட்டுகின்றன. இவ்வூரின் பெயரோ ஒரு கட்டளையையே சுமந்து நிற்கிறது. அன்பு என்பது வெறும் உணர்வன்று, அது நடந்து செல்ல வேண்டிய ஒரு வழி என்று அது நமக்குச் சொல்கிறது. ஆனால் அந்த வழியில் ஆபத்து குறுக்கிட்டால் என்ன செய்வது?

இரவு நேரம். வீதியோரத்தில் ஒருவர் குருதி வழியக் கிடக்கிறார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. வாகனத்தை நிறுத்தினால் இது கள்வர் விரித்த வலையாக இருக்குமோ? பொலிஸ் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய நேருமோ? வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்கிறார்களே? இக்கேள்விகள் எழுவது இயல்பு. அறிமுகமற்ற ஒருவருக்காக என் உயிரை நான் பணயம் வைக்கத்தான் வேண்டுமா? இவ்வாரம் இதைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

எரிக்கோ சாலையில்

நல்ல சமாரியர் உவமையை (லூக்கா 10:25-37) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அது நிகழும் இடத்தை எண்ணிப் பார்ப்பது குறைவு. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் பாதை ஆயிரம் மீற்றருக்கும் மேலாகக் கீழிறங்கும் பாலைநிலப் பாதை. பாறைகளும் வளைவுகளும் கள்வர் பதுங்குவதற்கு வாய்ப்பானவை. குற்றுயிராய்க் கிடந்த மனிதனே அப்பாதையின் ஆபத்துக்குச் சான்று. அடித்தவர்கள் அருகிலேயே இருந்திருக்கலாம்.

குருவும் லேவியரும் ஏன் விலகிச் சென்றனர் என்பதை ஆண்டவர் சொல்லவில்லை. அச்சமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதே பாதையில், அதே ஆபத்தினூடே வந்த சமாரியர் நின்றார். அவர் செய்தவற்றைக் கவனியுங்கள். அவர் கள்வரைத் துரத்தவில்லை, வாளை உருவவில்லை. கைவசம் இருந்த எண்ணெயையும் திராட்சை மதுவையும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். தம் விலங்கின் மீது ஏற்றினார். சாவடிக்குக் கொண்டுபோய், மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்து, சாவடிப் பொறுப்பாளரையும் அப்பணியில் பங்காளியாக்கினார். அவர் ஆபத்தைத் தேடி ஓடவில்லை. ஆபத்தைக் காரணம் காட்டி விலகிச் செல்லவும் இல்லை.

அந்த ஓகஸ்ட் 15

நம் கிழக்கு மண்ணிலும் ஓர் எரிக்கோ சாலை இருந்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், பின்னர் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். பழிவாங்கலில் தமிழ் மக்களும் கொல்லப்பட்டனர். அயலவர் அயலவரைக் கண்டு அஞ்சிய நாட்கள் அவை.

அந்நாட்களில் மட்டக்களப்பில் பணியாற்றியவர் இயேசு சபைத் துறவி அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்து, 1948இல் இத்தீவுக்கு வந்தவர். பாடசாலை மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் கற்பித்தவர் என்று இன்றும் நினைவுகூரப்படுபவர். வாழைச்சேனையில் அருட்சகோதரிகள் ஆபத்தில் சிக்கியிருப்பதை அறிந்து, அவர்களுக்கு உதவச் சென்றார். புனித கன்னி மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவாகிய ஓகஸ்ட் 15 அன்று, ஓர் இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்களுக்குக் கல்லறையும் இல்லை.

அவர் விரும்பியிருந்தால் தாய்நாட்டுக்குச் சென்றிருக்கலாம். வயதும் அறுபத்தாறு ஆகியிருந்தது. எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் மந்தை சிதறும் வேளையில் மேய்ப்பன் விலகிச் செல்வது அவருக்கு இயலாததாயிற்று.

29 ஆண்டுகள் கழித்து, அதே மட்டக்களப்பில் இன்னொரு காட்சி. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. சீயோன் தேவாலயத்தின் முற்றத்தில், முதுகுப் பையுடன் வந்த ஒரு புதியவர் மீது ரமேஷ் ராஜு என்ற குடும்பத் தலைவருக்கு ஐயம் எழுந்தது. அம்மனிதரை அவர் உள்ளே விடவில்லை. குண்டு வெளியே வெடித்தது. சிறுவர் பலர் உட்படப் பலர் மாண்டனர், ரமேஷும் மாண்டார். ஆனால் உள்ளே குழுமியிருந்த நூற்றுக்கணக்கானோரிடையே அது வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணும்போதே உள்ளம் நடுங்குகிறது.

கடமையும் கொடையும்

அப்படியானால் நாம் ஒவ்வொருவரும் இவ்வாறே உயிரைக் கொடுத்தாக வேண்டுமா? கொடாதவர் பாவிகளா? இங்கே திருச்சபையின் போதனை ஆழமும் கனிவும் கொண்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினார், அன்பின் ஒழுங்கைப் பற்றி எழுதும்போது இதைத் தெளிவாக்குகிறார். பிறருடைய உடல் நலத்திற்காகத் தன் உடலை ஆபத்துக்கு உட்படுத்தியே தீர வேண்டும் என அன்பு எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பிறரைக் காக்கும் பொறுப்பு எவரிடம் உள்ளதோ அவருக்கு மட்டுமே அது கடமை. ஆனால் ஒருவர் தாமாகவே முன்வந்து தம்மைக் கையளித்தால், அது அன்பின் நிறைவு என்கிறார் அவர்.

இதன் பொருளைப் புனித மாக்ஸிமிலியன் கோல்பேயின் வாழ்வில் காண்கிறோம். 1941இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் பத்துப் பேர் பட்டினிச் சாவுக்குத் தெரிவு செய்யப்பட்டனர். அவர்களில் ஒருவர் தம் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அழுதார். முன்பின் அறியாத அம்மனிதருக்குப் பதிலாக அடிகளார் முன்வந்து, ஓகஸ்ட் 14 அன்று உயிர் துறந்தார். 1982இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது, காப்பாற்றப்பட்ட அம்மனிதரும் அங்கே இருந்தார். அன்று அந்த வரிசையில் நின்ற மற்றக் கைதிகளைத் திருச்சபை குற்றவாளிகள் என்று சொன்னதுண்டா? இல்லை. கோல்பே அடிகளார் செலுத்தியது கடனன்று, அது கொடை.

2017 ஜூலை 11 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை மடலும், அன்பின் பொருட்டுத் தம் உயிரை மனமுவந்து கையளிப்போர் புனிதராகப் போற்றப்படுவதற்கு ஒரு தனிவழியைத் திறந்தது. மனமுவந்து என்பதே அதன் உயிர்ச்சொல். கட்டாயத்தால் பிடுங்கப்படும் உயிர் காணிக்கையாகாது.

எனவே, உயிரைக் கொடுப்பது எல்லோருக்கும் கடமையன்று. ஆனால் ஒன்றும் செய்யாது கடந்து செல்ல எவருக்கும் அனுமதி இல்லை. ஆண்டவரின் உவமை கண்டிப்பது ஆற்றல் குறைந்தவரையன்று, விலகிச் சென்றவரையே.

விவேகமும் அன்பே

2021 நவம்பர் 23 காலையில், நம் மாவட்டத்தின் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் மக்கள் அதை நம்பியே நீரைக் கடந்துகொண்டிருந்தனர். பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். அவ்வூர் மக்களும் கடற்படையினரும் விரைந்து நீரில் தத்தளித்தவர்களை மீட்டனர். இல்லையேல் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும்.

கடலையும் களப்பையும் அண்டி வாழும் நமக்கு இன்னொன்றும் தெரியும். மூழ்குபவரைக் காக்கக் குதித்தவரும் சேர்ந்து மூழ்கியதுண்டு. நீந்தத் தெரியாதவர் குதிப்பது துணிவாகாது. கயிறோ, நீண்ட தடியோ, மூடி இறுகிய வெற்றுக் கலனோ, கட்டியிருக்கும் சேலையோ பல உயிர்களைக் காக்க வல்லது. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கும்போது நச்சுப்புகை தங்கிவிடுகிறது. மயங்கியவரைத் தூக்க ஒருவர் பின் ஒருவராக இறங்கினால் அனைவரும் மாள நேரிடும். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். சமாரியரின் எண்ணெயும் திராட்சை மதுவும் இவையே.

வீதி விபத்தைக் கண்டால் 1990 என்ற இலக்கத்திற்கு அழையுங்கள். 2016இல் தொடங்கப்பட்ட அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் கிடையாது. அருட்தந்தை ஹேபியர் காணாமற்போன ஆண்டின் எண், இன்று உயிர் காக்கும் எண்ணாக இருக்கிறது! கூட்டம் கூடியிருந்தால், யாரோ அழைத்திருப்பார்கள் என்று எண்ணி நிற்காதீர்கள். பார்ப்போர் தொகை பெருகப் பெருக, ஒவ்வொருவரும் மற்றவரை எதிர்பார்த்து வாளாவிருப்பர் என்பதை அமெரிக்க உளவியலாளர் இருவர் 1968இலேயே ஆய்ந்து காட்டினர். கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும் விரலுக்கு மூன்று இலக்கங்களையோ நான்கு இலக்கங்களையோ அழுத்துவது கடினமா?

கதவைத் திறக்காதவர்களுக்கு

அன்புக்குரியவர்களே, இவ்வரிகளைப் படிக்கும் உங்களுள் சிலருக்கு ஒரு பழைய இரவு நினைவுக்கு வரலாம். 1983இலோ, 1990இலோ, 2006இலோ யாரோ உங்கள் கதவைத் தட்டினார்கள். உள்ளே குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். நீங்கள் விளக்கை அணைத்தீர்கள், கதவைத் திறக்கவில்லை. அந்தத் தட்டல் இன்றும் உங்கள் செவியில் ஒலிக்கிறது.

உங்களைத் தீர்ப்பிட நாம் யார்? குழந்தைகளைக் காப்பதும் இறைவன் தந்த பொறுப்புத்தானே! ஆயினும் மனம் உறுத்துமானால், பேதுருவை நினையுங்கள். தலைமைக் குருவின் முற்றத்தில், கரிநெருப்பின் அருகே, அச்சத்தால் ஆண்டவரையே அறியேன் என்றவர் அவர். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பின் அருகே அவரைச் சந்தித்தபோது (யோவான் 21), ஏன் அஞ்சினாய் என்று கேட்கவில்லை. தம்மீது அன்பு உண்டா என்று மட்டுமே மும்முறை கேட்டார். பின்பு தம் ஆடுகளை அவரிடமே ஒப்படைத்தார். அன்று மறுதலித்த அதே பேதுரு, பின்னாளில் உரோமையில் ஆண்டவருக்காக உயிரையே கொடுத்தார்.

அன்று திறவாத கதவை இனித் திறக்க முடியாது. ஆனால் நாளை வேறொரு கதவு தட்டப்படும். மருத்துவமனைக்குச் செல்ல வாகனமற்ற அயல்வீட்டார், கணவனின் அடிக்கு அஞ்சி ஓடிவரும் பெண், வழிதவறி நிற்கும் வேற்றுமொழிச் சிறுவன் என ஏதேனும் ஒரு வடிவில் ஆண்டவர் வருவார். அப்போது நாம் செய்யக்கூடியது சிறிதாக இருக்கலாம். அச்சிறிதைச் செய்யாது விடுவோமா?

இன்றிரவு உங்கள் குடும்பச் செபத்தின்போது பிள்ளைகளோடு இதைப் பேசுங்கள். நம் வீட்டு வாசலில் ஒருவர் விழுந்தால் யார் அழைப்பது, யார் தண்ணீர் கொணர்வது, எந்த அயலவரை எழுப்புவது என்று முன்னரே முடிவு செய்யுங்கள். ஆயத்தமான இல்லத்தில் அச்சம் குறையும்.

இறைவா, எம் அச்சத்தை நீர் அறிவீர். எம் ஆற்றலின் அளவையும் அறிவீர். உயிரைக் கொடுக்கும் அருளை எமக்குத் தந்தாலும் தராவிட்டாலும், விழுந்து கிடப்பவரை விட்டு விலகிச் செல்லாத கால்களை எமக்குத் தாரும். ஆமென்.