உங்களுக்குத் தெரியுமா? கிட்டாருக்குத் தனிக்குரல் கொடுத்த லோனி ஜான்சன்

★ ராக் கச்சேரியில் கிட்டார்க்காரர் மேடையின் முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு ஸ்வரமாக மீட்டித் தனியாக வாசிக்கும்போது அரங்கமே அதிர்கிறது. இந்தப் பாணியை இசைத்தட்டில் முதன்முதலாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் லோனி ஜான்சன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினக் கலைஞர். ப்ளூஸ் இசை என்றதும் எல்லோரும் சொல்லும் பி.பி. கிங், தன்னை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று இவரைத்தான் சொன்னார். கிங்கின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. ஜான்சனின் பெயர் பரவவில்லை.

★ அவர் கையில் எடுத்த முதல் வாத்தியங்களில் ஒன்று வயலின். அப்பாவின் இசைக்குழுவில் அதை வாசித்தார். 1917-இல் ஒரு கலைக்குழுவோடு இங்கிலாந்து போனார். 1919-இல் வீடு திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. விஷக்காய்ச்சல் குடும்பத்தையே கொண்டுபோயிருந்தது. மிஞ்சியவர் ஜேம்ஸ் என்ற ஒரே சகோதரர்.

★ 1925-இல் செயிண்ட் லூயிஸ் நகரில் நடந்த ப்ளூஸ் போட்டியில் ஜெயித்தார். பரிசு, ஓகே இசைத்தட்டுக் கம்பெனியின் ஒப்பந்தம். நடந்தது ப்ளூஸ் போட்டி, அதனால் ப்ளூஸ் பாடினேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கம்பெனிக்கு மட்டும் 1932-க்குள் சுமார் 130 பதிவுகள் செய்தார்.

★ அப்போதெல்லாம் பாட்டுக்குத் தாளம் கூட்டும் பக்கவாத்தியமாகத்தான் கிட்டாரைப் பெரும்பாலும் நினைத்தார்கள். 1927-இல் பதிவான ‘6/88 கிளைடு’ இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். பியானோ பின்னால் ஓட, ஜான்சன் தந்தி மீட்டும் பிக்கைப் பிடித்து ஒரு ஸ்வரத்தை எடுக்கிறார், அடுத்ததற்கு வழுக்கிப் போகிறார். வீணைக்காரர் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுவதுபோல ஸ்வரத்தை வளைக்கிறார், கடைசியில் ஒரு நடுக்கம் கொடுத்து விடுகிறார். வயலின் பழகிய காது கிட்டாருக்குள் புகுந்த இடம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

★ அதே 1927 டிசம்பரில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட்டர் தேன் தட்’ பதிவு. நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டை இறக்கிவிட்டு, சொல்லே இல்லாமல் வெறும் ஒலிகளைப் பாடுகிறார். அவர் ஒன்று போட, ஜான்சனின் கிட்டார் பதில் போடுகிறது. சில விநாடிகள்தான். ஜாஸின் மிகப் பெரிய குரலோடு ஒரு கிட்டார் சரிசமமாகப் பேசிய விநாடிகள் அவை. மறு ஆண்டே ஜாஸ் மேதை டியூக் எலிங்டனும் அவரைத் தன் பதிவுகளுக்கு அழைத்தார்.

★ ‘பிளைண்ட் வில்லி டன்’ என்ற பெயரில் ஜான்சனோடு வாசித்த கிட்டார்க்காரர் பார்வையற்றவர் அல்ல, கறுப்பினத்தவரும் அல்ல! அவர் எட்டி லாங் என்ற வெள்ளைக்காரர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தட்டில் சமமாக வாசித்ததை மறைக்க இந்தப் புனைபெயர் தேவைப்பட்டது. 1928, 29-இல் இருவரும் சேர்ந்து செய்த பதிவுகள் இரட்டைக் கிட்டார் வாசிப்புக்கு இன்றும் பாடம்.

★ ப்ளூஸ் உலகில் பெரும்புகழ் பெற்ற ராபர்ட் ஜான்சன், லோனியின் பாணியை அப்படியே பின்பற்றிச் சில பாடல்கள் பதிவு செய்தார். தான் லோனியின் சொந்தக்காரன் என்றும் சொல்லிக்கொண்டார். இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

★ 1948-இல் லோனி பாடிய ‘டுமாரோ நைட்’ என்ற மென்மையான காதல் பாட்டு, அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. பின்னால் எல்விஸ் பிரெஸ்லியும் அதைப் பாடினார்.

★ 1952-இல் லண்டனில் லோனி பங்கேற்ற நிகழ்ச்சியில் டோனி டோனெகன் என்ற இளைஞரும் பாடினார். லோனியின் மேல் இருந்த மரியாதையில் தன் பெயரை லோனி டோனெகன் என்று மாற்றிக்கொண்டார். அவர் கிளப்பிய ஸ்கிஃபிள் என்ற இசைப் பாணியின் அலையில்தான் ஜான் லெனான் தன் முதல் குழுவைத் தொடங்கினார்.

★ இத்தனைக்கும் பிறகு, 1959-இல் வானொலி அறிவிப்பாளர் கிறிஸ் ஆல்பர்ட்சன் ஜான்சனைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் பிலடெல்பியாவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஹோட்டலில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். முதலிடப் பாட்டு வந்து பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இது அவர் திறமையில் வந்த குறை அல்ல, கேட்டவர்கள் மறந்ததால் வந்த நிலை. ஆல்பர்ட்சன் அவரை மறுபடி பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் போனார், 1960-இல் புதிய ஆல்பம் வந்தது. அதில் விரல் தளரவில்லை, குரலும் கெடவில்லை. 1963-இல் ஐரோப்பா முழுக்கச் சுற்றி வாசித்தார்.

★ கடைசி ஆண்டுகளைக் கனடாவின் டொராண்டோவில் கழித்தார். 1969-இல் கார் மோதிப் படுகாயமடைந்தவர், 1970 பிப்ரவரியில் அங்குள்ள மாஸி ஹாலில் கடைசியாக மேடையேறினார். அந்த ஜூனில் காலமானார்.

★ ப்ளூஸ் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது 1997-இல், இறந்து 27 ஆண்டுகள் கழித்து. அவருடைய பழைய தட்டுகள் பலவும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. புதிதாகக் கேட்பவர்கள் எட்டி லாங்குடன் வாசித்தவற்றிலிருந்து தொடங்குங்கள்.