சுழன்று சுழன்று தேய்த்தாலும் வட்டக் கீறல் விழாதது ஏன்?

கற்பிட்டிக் கரையில் ஏற்றிய ஃபைபர் படகுக்குப் புதுப் பெயின்ற் அடிக்க முன், உடம்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். கைக்குள் அடங்கும் பேட்டரி சாண்டர், நிமிடத்துக்குச் சுமார் 10,000 தரம் வட்டமடித்து அதைச் செய்கிறது. ஆனாலும் வட்ட வட்டமாகக் கீறல் தெரிவதில்லை. எப்படி?

ஆட்டுக்கல்லில் உழுந்து அரைபடுவதை நினைத்துப் பாருங்கள். குழவி குழியைச் சுற்றி வரும். கூடவே தானும் உருளும்.

சாண்டரிலும் இப்படி இரண்டு அசைவுகள். உப்புத்தாள் ஒட்டும் தட்டின் நடு, மோட்டார் அச்சிலிருந்து ஓரிரண்டு மில்லிமீட்டர் விலகியிருக்கும். அதனால் தட்டு சின்ன வட்டமடிக்கும். அதோடு, ஒரு பெயரிங்கில் தன்பாட்டில் சுழலவும் செய்யும். ஆகவே உப்புத்தாளின் ஒரு துகள் போன தடத்திலேயே திரும்பப் போவது அரிது. ஒரு கீறலை அடுத்த கீறல் அழித்துவிடும்.

அழுத்தித் தேய்த்தால்? தட்டின் சுழற்சி மந்தமாகும், நின்றும் போகும். சுருள் சுருளாகக் கோடு விழும். இயந்திரத்தின் பாரமே போதும், மெதுவாக நகர்த்துங்கள்.

வாங்கும்போது 125 மி.மீ. தட்டு, வேகம் கூட்டிக் குறைக்கும் வசதி, இரண்டு பேட்டரி என்று பாருங்கள். பேட்டரியில் ஓடுவதால் ஈர மணலில் வயர் இழுக்கும் ஆபத்து இல்லை.

முதலில் படகின் உப்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். 80, 120, 180 என்று படிப்படியாகத் தாளை மாற்றுங்கள். தாளின் ஓட்டைகள் தட்டின் ஓட்டைகளோடு பொருந்தினால்தான் தூசு உறிஞ்சப்படும்.

ஃபைபர் தூசு நெஞ்சுக்குக் கெடுதல். தூசு தடுக்கும் நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.